நெஞ்சுக்கு எவ்வளவு தூரம்?

அம்பத்தூரிலிருந்து ஒரு தாயார் நமக்கு எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கும் அவருடைய புதல்வன், தமிழ் வியாசத்தில், "என் மனதுக்கு மிகவும் நெருக்கமான ஊர் என் பாட்டியின் ஊர்" என்று எழுதினானாம். ஆசிரியர் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடிழுத்து, "இது தமிழா?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டாராம். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாரப் பத்திரிகைகள் நாலைந்தை அம்மாவின் முன் பரப்பி, "இவர்களெல்லாம் இப்படித்தானே எழுதுகிறார்கள்? இவர்களை யாரும் கேட்கவில்லையே!" என்றானாம். "ஆசிரியர் சொல்வது சரியா, பத்திரிகைக்காரர்கள் எழுதுவது சரியா? இங்கிலீஷில் 'க்ளோஸ் டு மை ஹார்ட்' என்கிறார்களே, அதற்கு என்னதான் அர்த்தம்? அதை எங்கே வழங்கலாம், எங்கே வழங்கலாகாது?" என்பது அம்மையாரின் கேள்வி.

கேள்வி நியாயமானது. பையனுடைய வழக்கும் அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. முதலில் இங்கிலீஷ் பிரயோகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு அவனிடம் வருவோம்.

'ஹார்ட்' என்பது மார்புக்கூட்டினுள் சற்றே இடப்புறமாகச் சாய்ந்திருந்து, ஓயாமல் இரத்தத்தை இறைத்துக்கொண்டிருக்கும் உறுப்பு. மேலைநாட்டார் நெடுங்காலமாக அதனை அன்புக்கும் தைரியத்துக்கும் ஞாபகத்துக்குங்கூட இருப்பிடமாகக் கருதி வந்திருக்கிறார்கள். லத்தீனில் இருதயத்துக்குக் 'கோர்' என்று பெயர். தைரியத்தைக் குறிக்கும் 'கரேஜ்', மனங்கலந்த உபசாரத்தைக் குறிக்கும் 'கார்டியல்', நினைவில் வைத்தலைக் குறித்துப் பின்னர் எழுதி வைத்தலைக் குறிக்க வந்த 'ரிகார்ட்' ஆகிய எல்லாம் அந்தக் 'கோர்' வயிற்றில் பிறந்த பிள்ளைகளே. பாடத்தை நெட்டுருப் போடுவதை இங்கிலீஷ்காரர் 'பை ஹார்ட்' என்பதும் இந்த எண்ணத்தினால்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் அதையே ஒரு தமிழ் வினையாக்கிப் 'பைஹார்ட் பண்ணு'கிறார்கள். பண்ணியதில் பாதி பரீட்சை மண்டபத்தின் வாசற்படியிலேயே கழன்று விழுவதைப் பார்த்தால், அது ஹார்ட் வரையில் போனதாகத் தெரியவில்லை.

இவ்வாறு எல்லாவற்றுக்கும் இருப்பிடமாகிய ஹார்ட்டின் அருகில் ஒன்று இருக்கிறது என்றால், அது ஒருவருக்கு மிகவும் வேண்டியது, அதற்கு ஒரு குறை நேர்ந்தால் தமக்கே நேர்ந்ததாக அவர் எண்ணுவார் என்பது கருத்து. ஒரு கூட்டத்தில் பேசுகிறவர், 'கர்ல்ஸ் எஜுகேஷன் இஸ் க்ளோஸ் டு மை ஹார்ட்' என்று சொன்னால், பெண் கல்வி தமக்கு வெறும் பேச்சுப் பொருளன்று, அதன் நன்மை தீமைகளில் தமக்குப் பங்குண்டு என்று சொல்லுகிறார். பெரும்பாலும் இத்தொடர் ஒரு பணி, கொள்கை, ஊர், பள்ளிக்கூடம், நூல் ஆகியவற்றைக் குறித்து வருவது. மனிதரைக் குறித்துச் சொல்லும்போது 'ஹீ இஸ் க்ளோஸ் டு மீ' என்றாலே போதும். ஹார்ட்டையும் உடன் சேர்ப்பது பிழையாகாது. எனினும் காரியங்களைப் பற்றிப் பேசும்போதுதான் அத்தொடர் தன் சொந்த வீட்டில் இருக்கிறது. உற்றார் உறவினரைச் சேர்த்துச் சொல்வதற்கு 'நியர் அண்ட் டியர்' என்று வேறொரு தொடர் இருக்கிறது. கலியாணப் பத்திரிகைகளில் அதைக் காணாதவர் இல்லை; அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'க்ளோஸ்' என்ற ஒரே எழுத்துக் கோவையை இங்கிலீஷில் இரண்டு விதமாக ஒலிப்பார்கள். அருகில் என்ற பொருளில் கடைசி ஒலி பாம்பு சீறுவதுபோல் வரவேண்டும். மூடு என்ற பொருளில் அது வண்டு ரீங்காரம் செய்வதுபோல் வரவேண்டும். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் நம்மவர் பெரும்பாலும் வண்டையே எல்லா இடத்திலும் பறக்கவிடுகிறார்கள். இருதயத்தை மூடுவதைப் பற்றிப் பேசுகிறோமோ என்று கேட்கிறவர் மயங்குவதற்கு இடமுண்டு.

இதைக் காட்டிலும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. 'க்ளோஸ் டு ஒன்ஸ் செஸ்ட்' என்று ஹார்ட்டின் அண்டை வீட்டில் ஒரு தொடர் குடியிருக்கிறது. 'செஸ்ட்' என்றால் மார்பு. மார்புக்குள்தானே இருதயம், ஆகையால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படியன்று. சீட்டாடுகிறவன் தன் கையிலுள்ள சீட்டுகளை எதிரி எட்டிப் பார்த்துவிடாதபடி மார்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறான் அல்லவா? அதிலிருந்து வந்தது இது. தன் எண்ணத்தை ஒருவரிடமும் விடாமல் மறைத்து வைத்திருக்கிறவனைப் பற்றிச் சொல்வது. அமெரிக்கர் மார்புக்குப் பதிலாக அதன்மேல் அணியும் 'வெஸ்ட்' என்னும் சட்டையைச் சொல்லுவார்கள். முன்னது அன்பைப் பற்றியது. பின்னது ஒளிவு மறைவைப் பற்றியது.

இந்த வேற்றுமையால் உண்டான சங்கடம் ஒன்றை நாம் அறிவோம். நம்மிடம் வாசித்த ஒரு பெண், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு மனுப்போட்டு நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். எதிரே நால்வர் அமர்ந்திருந்தனர். ஏன் இந்த வேலையை விரும்புகிறாய் என்று கேட்டபோது, அவள் முன்னாள் இரவெல்லாம் பழகி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள்: 'டீச்சிங் இஸ் வெரி க்ளோஸ் டு மை செஸ்ட்.' அந்த நால்வரில் ஒருவர், "அப்படியா? அதை யாரிடமிருந்து ஒளிக்கிறாய்?" என்று இங்கிலீஷிலேயே கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பின் காரணம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமையால் அதன்பின் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்த விடைகளும் தொண்டையில் நின்றுவிட்டன. வேலை கிடைக்கவில்லை.

மறுநாள் அவள் நம் வீட்டுக்கு வந்து, "சார், நெஞ்சு என்றால் செஸ்ட்தானே? அகராதியில் அப்படித்தானே போட்டிருக்கிறது?" என்றாள்.

"போட்டிருக்கிறது, அம்மா. அதற்கு அடுத்த வரியில் ஹார்ட் என்றும் போட்டிருக்கும்" என்றோம்.

"அப்படியானால் இரண்டில் எதை எடுப்பது என்று அகராதி சொல்லவில்லையே, சார்" என்றாள். அதற்கு நாம் என்ன சொல்லுவது!

அகராதியின்மேல் குற்றமில்லை. அந்தப் பெண்ணின்மேலும் இல்லை. தமிழில் நெஞ்சு என்னும் ஒரு சொல் மார்பையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். 'நெஞ்சு வலிக்கிறது' என்றால் வைத்தியரைத் தேடுகிறோம். 'நெஞ்சு நெகிழ்கிறது' என்றால் தேடுவதில்லை. 'நெஞ்சறியப் பொய் சொல்லாதே' என்று பாட்டிமார் கண்டிக்கும்போது எந்தக் குழந்தையும் தன் மார்பெலும்பைத் தொட்டுப் பார்ப்பதில்லை. இடத்தை நோக்கிப் பொருள் கொள்ளுதல் நமக்குப் பழக்கமாகிவிட்டது. இங்கிலீஷில் இவ்விரண்டுக்கும் இரண்டு சொற்கள். அவற்றின் பக்கத்தில் நிற்பவைக்கும் இருவேறு குணங்கள். ஒருத்திக்குக் கற்பிக்கும் ஆர்வம் இருக்கிறதா என்று அறியவேண்டி உட்கார்ந்தவர்கள், அவள் அந்த ஆர்வத்தைச் சொல்ல வந்தபோது ஒரு சொல்லின் இடறலைப் பார்த்துச் சிரித்தார்களே, அதுதான் நமக்கு இன்றும் ஆறவில்லை.

இனி அம்பத்தூர்ப் பையனிடம் வருவோம்.

நெருங்குதல் என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. 'நெருங்கிய உறவினர்', 'நெருங்கிய நண்பர்' என்பன நல்ல தமிழ். அணுகுதல் என்பதும் அவ்வகையினதே. பதினோராம் நூற்றாண்டில் கங்கை கொண்ட இராசேந்திர சோழனுக்கு மிகவும் உரியவராயிருந்த பரவை நங்கையாரைத் திருவாரூர்க் கல்வெட்டு 'அணுக்கியார்' என்றே குறிக்கிறது. அரசரும் அவரும் கோயிலில் நின்று தரிசித்த இடம் விளங்கும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பெற்ற செய்தியையும் அக்கல்வெட்டு கூறுகிறது. ஆதலால் அன்பை அண்மையால் அளப்பது அந்நியரிடம் கற்ற வித்தை என்று சொல்லிவிட இயலாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஓர் ஆளுக்கு ஓர் ஆள் அணுக்கம். மனிதருக்கு மனிதர் நெருங்கலாம். மனதுக்கு ஒரு பொருள் நெருங்கி நிற்பதாகச் சொல்வது நம்மவர் வழக்கிலே காண்பது அரிது. ஏன்?

தமிழன் தன் நெஞ்சை ஓர் இடத்தில் கட்டிப்போட்ட பொருளாக எண்ணவில்லை என்பது நம் துணிபு. திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரம், 125-ஆவது. நெஞ்சொடு புலத்தல் என்று மற்றோர் அதிகாரம், 130-ஆவது. பிரிந்திருக்கும் தலைவி தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுகிறாள், அதனோடு ஊடுகிறாள், என்னை விட்டு அவரிடம் ஓடுகிறாயே என்று வைகிறாள். நெஞ்சு ஒரு தோழிபோல், சில சமயம் சொற்கேளாத பிள்ளைபோல், தனக்கு வேண்டியவர் இருக்குமிடத்துக்குப் போய்விடுகிறது. இப்படி ஊர் சுற்றும் ஒன்றின் அருகில் எதை நிறுத்தி வைப்பது? பாட்டியின் ஊர் பையனுடைய மனதுக்கு நெருங்கி வரவேண்டிய அவசியமே இல்லை. பையன் அம்பத்தூரில் இருக்க, மனம் எப்போதோ பாட்டியின் ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

நெஞ்சு வெளியே செல்லாத காலங்களில் வேண்டியது உள்ளே வந்து தங்கும். 'மனதில் குடிகொண்டிருக்கிறது' என்கிறோம். 'நெஞ்சார வாழ்த்தினார்', 'மனமார ஏற்றுக்கொண்டார்' என்கிறோம். ஆர்தல் என்றால் நிறைதல். பாத்திரம் நிறைந்தபின் பாத்திரத்துக்கும் நீருக்கும் இடையே தூரம் ஏது? இன்னும் அன்பு முதிர்ந்தால் 'ஈருடல் ஓருயிர்' என்று கணக்கையே மாற்றிவிடுகிறோம். 'நகமும் சதையும்போல' என்னும்போதுகூட, இரண்டும் பக்கத்தில் இருப்பதையன்று, பிரித்தால் இரத்தம் வரும் என்பதையே நினைக்கிறோம்.

அண்மையே இல்லாத அன்புக்கும் நம்மிடம் சரித்திரம் உண்டு. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அரசன் தன் மக்களோடு மாறுபட்டு வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, பக்கத்தில் ஆந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கும்படி சொன்னான். சுற்றியிருந்தவர்கள் வருவாரோ என்று ஐயுற்றார்கள். அவர் வந்தார், அரசன் சென்ற வழியே தாமும் சென்றார். இவர்களைப் பற்றிய பாட்டுகளை இன்று நாம் படிப்பது, 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பினால். நட்புக்கு அருகிலிருந்து பழகுதல் இன்றியமையாததன்று, உணர்ச்சி ஒத்தலே போதும் என்று வள்ளுவர் கூறுமிடத்துக்கு உரையெழுதிய பரிமேலழகரும் இவ்விருவரையே எடுத்துக்காட்டுகிறார்.

ஆனால் இவ்வளவு தூரம் உறையூருக்கும் பாண்டி நாட்டுக்கும் அலைவானேன்? நாம் வசிக்கும் திருநின்றவூரிலேயே இக்கேள்விக்கு ஒரு கோயில் கட்டப்பட்டிருக்கிறது.

பூசலார் இவ்வூரினர். சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பொருள் தேடினார், கிடைக்கவில்லை. ஆசையை விட்டாரா? இல்லை. கோயிலை மனத்திலேயே எடுக்கத் தொடங்கினார். சேக்கிழார் இதைச் சொல்லும் முறை கவனிக்கத் தக்கது. பூசலார் கண்ணை மூடிக்கொண்டவுடன் ஒரு கோயில் தோன்றிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. கல்லும் மரமும் தேடியது, தச்சரைத் தேர்ந்தது, நல்ல நாளில் அடிநிலை இட்டது, இரவிலும் உறங்காமல் வேலை நடத்தியது, சிகரம் ஏற்றியது, சுதை வேலை முடித்தது, கிணறு எடுத்தது, மதில் வளைத்தது, குளம் தோண்டியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். நெடுநாள் ஆயிற்றாம். மனத்தில் கட்டுவதாயிற்றே, ஒரு நாளில் முடித்துவிடலாமே என்று பூசலார் எண்ணவில்லை. பொய் வேலைக்குத்தான் அவசரம் உண்டு.

குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளைக் காஞ்சியில் பல்லவ வேந்தன் தான் எடுத்த பெரிய கற்றளிக்கும் குறித்திருந்தான். அந்தக் கற்றளி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. முன்னாள் இரவில் இறைவன் அரசனுடைய கனவில் தோன்றி, நின்றவூரில் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளைக்குப் புகுகிறோம், நீ உன் நாளை மாற்றிக்கொள் என்றார். அரசன் விழித்து, அத்தகைய ஆலயத்தைக் காணவேண்டுமென்று இவ்வூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டான். ஊரார் விழித்தார்கள். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லையே என்றார்கள். தினந்தோறும் அவர் பக்கத்திலேயே இருந்தவர்கள் அவர்கள். அண்மைக்கு ஒரு குறைவும் இல்லை! பிறகு அரசன் பூசலாரையே கண்டு வணங்கிக் கேட்க, அவர் மருண்டு, பொருள் கிடையாமையால் மனத்தினால் கட்டியதைக் கூறினார்.

அவருடைய நினைவாக இங்குள்ள ஆலயத்தில் இறைவனுக்கு இருதயாலீசுவரர் என்று பெயர். இருதயத்தை ஆலயமாகக் கொண்டவர் என்பது பொருள். இருதயத்துக்கு அருகில் இருப்பவர் என்று பெயர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இருதய நோயுற்றவர்களும் அவர்களுடைய உறவினரும் வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து இங்கே வேண்டிக்கொள்வதைப் பார்க்கிறோம். வைத்தியர் அறிந்த இருதயமும் சேக்கிழார் அறிந்த இருதயமும் ஒரே சந்நிதியில் சேர்ந்து நிற்கின்றன. இவ்வூரின் பெருமாள் கோயிலில் தாயாருக்கு வழங்கும் திருநாமமோ இன்னும் விசேஷம்: 'என்னைப் பெற்ற தாயார்.' உறவைச் சொன்னாலே போதும், தூரத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்த ஊர் இது.

நெருக்கம் என்ற சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு என்பதை நேயர்கள் மறக்கலாகாது. நெருக்கடி, நெருக்குதல், கழுத்தை நெருக்குதல் எல்லாம் அதன் சுற்றத்தார். காலை வேளையில் திருநின்றவூரில் சென்னை செல்லும் ரயிலில் ஏறியவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆவடி வருவதற்குள் நம் நெஞ்சுக்கு மிகவும் நெருக்கமாக இருப்பது முன்பின் அறியாத ஒருவருடைய முழங்கை. அதை யாரும் நேசித்ததாகக் கேள்விப்படவில்லை.

ஆகவே ஆசிரியர் கோடிழுத்ததில் நியாயம் உண்டு என்பது நம் தீர்ப்பு. ஆனால் பாதி நியாயமே. பிள்ளை ஒருவன் பாட்டியின் ஊரைப் பற்றி உண்மையாக உணர்ந்ததை எழுதியிருக்கிறான். அதற்கு அவன் கைக்குக் கிடைத்த சொல் கடன் வாங்கிய சொல். கடனைச் சுட்டிக்காட்டுகிறவர் வீட்டுப் பெட்டியின் சாவியையும் கையில் கொடுக்க வேண்டாமா? 'இது தமிழா?' என்ற இரண்டு சொற்களுக்குப் பதிலாக, 'என் மனம் குடிகொண்ட ஊர்' என்றோ, 'மனதுக்கு உகந்த ஊர்' என்றோ, 'எங்கே இருந்தாலும் என் நெஞ்சு ஓடிப்போகும் ஊர்' என்றோ அதே சிவப்பு மையால் எழுதியிருக்கலாம். மையும் அதிகம் செலவாகியிராது. பையன் அழுதுகொண்டு வருவதற்குப் பதிலாக, அடுத்த வியாசத்தில் அதை எங்கே நுழைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு வந்திருப்பான்.

பத்திரிகைக்காரர்களைப் பற்றிக் கேட்டால், அவர்களில் பலர் இங்கிலீஷில் நினைத்துத் தமிழில் எழுதுகிறார்கள். வாரந்தோறும் அச்சுக்கூடம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கையில் வேறு வழி தோன்றுவதில்லை போலும். பிற மொழித் தொடர்கள் வந்து கலப்பதால் பாஷை கெட்டுவிடும் என்று கூக்குரலிடுகிற கட்சியில் நாம் சேர்ந்தவரல்லர். இந்தத் தொடரும் இன்னும் ஒரு தலைமுறையில் குடியுரிமை பெற்றுவிடக்கூடும். அப்படிப் பெறுகிற நாளில், 'உகந்த' என்ற சொல் நம் பிள்ளைகளின் வாயில் இருக்குமா என்பதே நம் கவலை.

அம்மையாரின் புதல்வன் இங்கிலீஷ் வியாசத்தில் 'மை கிராண்ட்மதர்ஸ் வில்லேஜ் இஸ் வெரி க்ளோஸ் டு மை ஹார்ட்' என்று தாராளமாக எழுதலாம். பாம்பின் சீறலோடு படித்தும் காட்டலாம். ஒருவரும் கோடிழுக்க இடமில்லை. தமிழில் எழுதும்போது பாட்டியின் ஊரில் தான் கண்டதைச் சொல்லித் தொடங்கட்டும். அந்த ஊரில் கிணறு உண்டா, குளம் உண்டா என்று நமக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

வேப்பம்பட்டிலிருந்து ஒரு நேயர், 'ஸ்டோன்ஸ் த்ரோ' என்பதைக் 'கல்லெறி தூரம்' என்று தமிழில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். கூப்பிடு தூரம் என்று நம்மிடம் ஒன்று இருக்கும்போது கல்லை எடுப்பானேன் என்று நமக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றி அடுத்த வாரம்.